அண்ணன் மனப்பாடம் செய்த முதல் நகர்த்தல்கள்

அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பலர் சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள். இன்றும் மனம் ஆறவில்லை. ஆனாலும் ஒரே தங்கையான நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் பிறந்தது தேவாரத்தில். அப்பா காலமானதும் பள்ளிக்கூடத்தை விட்டு, போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பின்பு சொந்தக் கடை வைத்தார். என்னைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார். தனக்கென்று அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. மதுரையில் நடக்கும் செஸ் போட்டியில் ஒரு முறையாவது பரிசு வாங்க வேண்டும்.

அதற்காக ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கி வந்தார். ஆட்டத்தைத் தொடங்கும் விதங்கள், அதாவது ஓப்பனிங் மட்டுமே அதில் உண்டு. நான் வாசிப்பேன்; அண்ணன் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே மனப்பாடம் செய்வார். பக்கத்து இரும்புக்கடை தேவசகாயம் அண்ணாச்சிக்கு இது பெரிய வேடிக்கை. அவர் எந்தப் புத்தகமும் படிக்காமலே அண்ணனைத் தினமும் தோற்கடிப்பவர்.

"புத்தகத்துல உள்ளபடிதான் ஆடணும்னா எதிர்ல நான் எதுக்கு? அதையே உக்கார வச்சு ஆடுங்க" என்பார்.

"சிரிங்க அண்ணாச்சி, சிரிங்க. மதுரையில பாப்போம்" என்பார் அண்ணன்.

"மொதப் பத்து நகர்த்தலப் படிச்சிட்டு மிச்சத்துக்கு என்ன செய்வீக?" என்று அண்ணியும் கேட்டுப் பார்த்தார்கள்.

மதுரையில் மிச்சம் வரைக்கும் போகவே இல்லை. எங்கள் கடைவீதியில் ஆடுவது நாட்டு முறை. சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். புத்தகம் முதல் தடவை இரண்டு கட்டம் வைக்கச் சொல்லும். போட்டியில் அண்ணனின் கை பழக்கதோஷத்தில் ஒரு கட்டம் வைத்துவிட்டது. வைத்த காயைத் திருப்பி எடுக்க விடமாட்டார்களாம். படித்ததெல்லாம் முதல் நகர்த்தலிலேயே வீணாயிற்று. பிற்பாடு போன போட்டிகளில் அந்தத் தவறு நேரவில்லை. ஆனால் எதிராளி புத்தகத்தில் இல்லாததை வைத்தால் திகைத்துப்போவார். பரிசு வரவே இல்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

பிறகு பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. பெற்ற மகனையே அடையாளம் தெரியவில்லை. தேனி ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் பழனிசெட்டிபட்டியில் என் வீட்டில் வைத்துப் பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த அண்ணாச்சி பலகையை விரித்தார். அண்ணன் இடது கையால் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். அடுத்து குதிரை. எல்லாம் புத்தகப்படி! அண்ணாச்சி வழக்கம்போலத் தன் போக்கில் ஒரு காயை வைத்ததும், அண்ணன் பலகையையே பார்த்துக் கண் கலங்கினார்.

அண்ணாச்சி எழுந்து வாசலில் நின்ற என்னிடம் வந்தார். "ஆத்தா, அந்தப் புத்தகத்த எடு. எனக்கும் வாசிச்சுக் காட்டு" என்றார்.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், தூக்கி உட்கார வைத்த அண்டை வீட்டாருக்கும், அண்ணிக்குத் துணையாக வந்து தங்கிய உறவுகளுக்கும் எங்கள் நன்றி.

ஓப்பனிங் படித்து அண்ணனின் ஆட்டம் தேறியதா என்றால், இல்லை. அண்ணாச்சியின் ஆட்டமும் தேறவில்லை. ஆனால் அந்த வயதில் அதை அவர் உருப்போட்டு, வாரம் தவறாமல் போடியிலிருந்து பஸ் ஏறி வந்து, அண்ணனுக்குத் தெரிந்த நகர்த்தல்களுக்குப் பொருத்தமானதை மட்டுமே எதிரே வைத்தார். புத்தகம் முடிகிற இடம் வந்ததும் தன் ராஜாவைத் தானே சாய்த்துவிடுவார்.

"இன்னைக்கும் நீங்கதான் ஜெயிச்சீக" என்பார். அண்ணன் சிரிப்பார்.