விளக்கு விட்டுப் பார்த்தாச்சு

பெரம்பலூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் பெண்கள் விடுதி வார்டன். என் வீட்டுக்காரருக்கும் அங்கேயே பிளம்பர் வேலை. அந்தக் கோடையில் போர் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் கக்கியது. லாரி வந்தால்தான் பிள்ளைகளுக்குக் குளியல். மொட்டைமாடி மழைநீர் முழுக்க விடுதிக்குப் பின்னால் பூமிக்குள் கட்டிய பெரிய தொட்டியில் வந்து விழும். மழைக்கு முன்னால் அவர் இறங்கி அதைச் சுத்தம் செய்தாக வேண்டும். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த தொட்டி. அடியில் அழுகிய இலையும் சேறும்.

எனக்கு அதை நினைத்தாலே பயம். நான் பிறந்த வேப்பந்தட்டைப் பக்கம், தூர்வாரக் கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் விளக்கு விட்டுப் பார்ப்பார்கள். அணைந்தால் உள்ளே விஷக்காற்று, இறங்கக் கூடாது. வீட்டுக்காரர் அரியலூர் டவுனில் வளர்ந்தவர். கிணற்றைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அதனால் இறங்கும் அன்று காலையிலிருந்தே நச்சரித்தேன். இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்கக் கூடாது, விளக்கு விடாமல் இறங்கக் கூடாது. "சரி தாயே" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. போன் செய்தேன்.

"வெளக்கு விட்டுப் பாத்தீங்களா?"

"விட்டாச்சு. ஜம்முனு எரியுது. வெச்சிரு, நான் எறங்கணும்."

அப்பாடா என்று இருந்தது. மாடியில் காயும் துணிகளை எடுக்கச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டினேன். பின்பக்க ஜன்னலைச் சாத்தப் போனபோதுதான் பார்த்தேன். தொட்டியின் வாயருகே அவரோடு வேலைக்கு வந்த இரண்டு ஆட்கள் குனிந்து நின்றார்கள். உள்ளேயிருந்து பளீரென்று வெள்ளை வெளிச்சம். திரி விளக்குக்கு ஏது அவ்வளவு வெளிச்சம்? கரண்ட் போனால் விடுதியில் வைக்கும் சார்ஜ் லைட்டைக் கயிற்றில் கட்டி விட்டிருக்கிறார். உள்ளே இருட்டாக இருக்குமே என்று நான் சொன்னதாக நினைத்துவிட்டார். நாம் லைட்டையும் எரியுது என்றுதானே சொல்கிறோம். எந்த விஷக்காற்றிலும் அது அணையாது.

செருப்பில்லாமல் ஓடினேன். எட்டிப் பார்த்து, "ஏங்க, மேல வாங்க" என்று கத்தினேன். சேற்றில் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தார். ஓர் ஆள் பதறிப்போய் ஏணியில் காலை வைத்துவிட்டார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க எறங்காதீங்க. எறங்குனா ரெண்டு பேரும் போயிடுவீங்க. கயித்த இழுங்க."

மூன்று பேரும் சேர்ந்து வீட்டுக்காரரின் இடுப்புக் கயிற்றை இழுத்தோம். கனம்தான் இருந்தது, அசைவே இல்லை. பிணத்தைத்தான் இழுக்கிறேன் என்று நினைத்தேன்.

வெளியே கிடத்தியதும் ஒரு இருமல். பிறகு இன்னொன்று. தூறல் விழ ஆரம்பித்திருந்தது. ஓர் ஆள் ஆம்புலன்ஸுக்குப் பேசினார். நான் வீட்டுக்காரர் தலையை மடியில் வைத்து முகத்துச் சேற்றைத் துடைத்தேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார்.

"நீங்க யாருங்க?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை 'ஏய்' என்றும் 'இந்தாடி' என்றும்தான் கூப்பிடுவார். அந்த 'ங்க' கொடுத்த நடுக்கம், தொட்டிக்குள் அவரைப் பார்த்தபோதுகூட வரவில்லை. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தெளிந்து 'ஏய்' என்று கூப்பிடும்வரை நான் அவருக்கு யாரோ ஒரு அம்மாவாகத்தான் இருந்தேன்.