போட்டோவைத் திருப்பிக் கொடுக்கும் தொழில்

கம்ப்யூட்டர் என்றாலே எனக்கு ஆகாது என்று வீட்டில் சொல்லித் திரிகிறார்கள். சுத்தப் பொய். கம்ப்யூட்டர் என்ன பாவம் செய்தது? எனக்கு ஆகாதவன் என் கொழுந்தன், கணவரின் கடைசித் தம்பி. எறணாகுளத்தில் ஒரு கம்பெனியில் டை கட்டிக்கொண்டு வேலை பார்த்தான். அவனும் அவன் கம்பெனியும் சேர்ந்து என் தொழிலை எப்படி நாறடித்தார்கள் என்று சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

நான் கல்யாணத் தரகு செய்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஆரம்பித்தேன். கொச்சங்காடியில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். கார்ப்பரேஷன் வேலைக்காரர்கள், பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டலில் மாவாட்டுகிறவர்கள் என்று நம் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளின் ஜாதகத்தையும் போட்டோவையும் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். எனக்கு ஒரே சட்டம்தான். பெண்ணின் போட்டோ என் பையில் போகும், என் பையிலேயே திரும்பி வரும். மாப்பிள்ளை வீட்டார் "ரெண்டு நாள் இங்க இருக்கட்டுமே" என்று இழுத்தால், சாயா குடித்து முடிக்கிற வரைக்கும் பாருங்கள், அது போதும் என்பேன். இடம் ஒத்துவரவில்லை என்றால் போட்டோவைப் பெண்ணின் அம்மா கையில் வைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன். ஊரில் எத்தனையோ தரகர்கள் இருந்தும் பெண் வீட்டார் என்னைத் தேடி வந்தது இதற்காகத்தான். என் முக அழகைப் பார்த்து யாரும் வரவில்லை.

ரெண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி நனைந்து பாதி ஜாதகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கொழுந்தனுக்கு அது போதும், பிடித்துக்கொண்டான். அவன் கம்பெனி ஒரு ஓட்டலில் கூட்டம் போடுகிறது, வந்து கேளுங்கள் என்று நச்சரித்து இழுத்துப்போனான்.

ஏ.சி. குளிரில் உடம்பு நடுங்க உட்கார்ந்திருந்தேன். மேடையில் இன்னொரு டைக்காரன் பேசினான். இனிமேல் உங்கள் கம்ப்யூட்டரில் எதையும் அடைத்து வைக்க வேண்டாம். படமோ, கடிதமோ, வியாபாரக் கணக்கோ, எதுவானாலும் இன்டர்நெட் வழியாக எங்கள் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிவிடுங்கள். மழையும் கரையானும் அதைத் தொடாது. ஒரு மெஷின் கெட்டால் இன்னொன்றில் நகல் இருக்கும். எந்த நாட்டிலிருந்தும் திறந்து பார்க்கலாம். வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் இடம் சும்மா, கடைக்காரர்களுக்கு எடுத்த இடத்துக்கு மாத வாடகை. இதற்குக் கிளவுட் என்று பெயர், அதாவது மேகம் என்றான். மேகத்தில் எதை வைத்தாலும் நம் தலையில்தானே வந்து விழும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்தன் காதில் சொன்னான். "ஒண்ணுமில்ல மதினி. பஜார்ல கிடங்கு வாடகைக்கு எடுக்கிற மாதிரிதான். மூட்டை நம்மளது, இடம் அவங்களது."

அது எனக்குப் புரிந்தது. எழுந்து கேட்டேன். "கிடங்குல இருந்து மூட்டைய எடுத்துட்டா தரை காலியாயிரும். இதுல எடுத்தா காலியாகுமா?"

"எப்ப வேணும்னாலும் டவுன்லோட் பண்ணி எடுத்துக்கலாம் சேச்சி" என்று டைக்காரன் சிரித்தான். சபையும் சிரித்தது. நான் கேட்டது ஒன்று, அவன் சொன்னது ஒன்று. அப்போதே எழுந்து வந்திருப்பேன். கட்லெட் இன்னும் வரவில்லை.

கொழுந்தன் எல்லாப் போட்டோவையும் ஜாதகத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றினான். கணக்கைத் தன் பேரிலேயே திறந்தான். எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் என் கணவர் பேரில், போன் அவர் பேரில், வீட்டு வரி மாமனார் பேரில். இதுவும் ஒரு ஆம்பளை பேரில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம், யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. ஒரு லிங்க் அனுப்பினால் கல்ஃபில் இருக்கிற பையன் அங்கேயே பார்த்துக்கொள்வான். அப்படி ரெண்டு கல்யாணம் சட்டென்று முடிந்ததும் உண்மைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம்தான் இடக்கொச்சிப் பெண்ணின் விஷயம் வந்தது. இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் வேலை, கெட்டிக்காரப் பிள்ளை. ஷார்ஜாவில் இருந்த பையனுக்குப் பார்த்தேன், லிங்கும் போனது, ஜாதகம் பொருந்தவில்லை. வழக்கம்போலப் போட்டோவை அவள் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னறைக்குள் வந்து நின்றாள்.

"எம்மோளு போட்டோவ எங்க வெச்சிருக்கே?" எப்போதும் அக்கா, வாங்க, போங்க என்று பேசுகிறவள்.

"உங்கையிலதானே தந்தேன்?"

"அப்ப கம்பெனிக்கு வர்ற ஐஸ் வண்டி டிரைவர் போன்ல இருக்கிறது யாரோடது? வேலை செய்யுற எல்லாரு முன்னாடியும் அவ நட்சத்திரம், ராசி எல்லாஞ்சொல்லி இளிச்சிருக்கான். நாணக்கேடு!"

அந்த டிரைவர் ஷார்ஜாப் பையனின் கூட்டாளி. லிங்க் அவனுக்கும் போயிருக்கிறது. அவன் போனைப் பிடுங்கி ஐஸ் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் இந்த அம்மா வந்திருந்தாள், அந்தக் கை நல்லா இருக்கட்டும்! ஆனால் லிங்க் உயிரோடு இருக்கிறவரை எவன் வேண்டுமானாலும் மறுபடியும் எடுப்பான். போட்டோ ஒழிகிறவரை வேலைக்குப் போகக் கூடாது என்று அப்பன் பெண்ணை வீட்டில் உட்கார வைத்துவிட்டான். ரெண்டு மூன்று நாள் வராவிட்டால் கம்பெனி அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடும்.

கொழுந்தனுக்குப் போன் போட்டேன். "குழப்பமில்ல மதினி, பாத்துக்கலாம்" என்றான். மறுபடி கேட்டதற்கு மேனேஜர் அனுமதி வேண்டும் என்றான். அதற்கப்புறம், பல மெஷினில் நகல் இருக்கும், அழிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது என்றான். சரி, பாஸ்வேர்டைக் கொடு, நானே யாரையாவது வைத்து அழிக்கிறேன் என்றால், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மதினி?" என்கிறான். என் பெட்டிக்கு எனக்கே சாவி கிடையாதாம்! வந்த ஆத்திரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு போட் ஜெட்டிக்கு நடந்து, எறணாகுளத்துக்குப் படகு ஏறினேன்.

அவன் ஆபீஸ் கதவைத் தள்ளி உள்ளே போனால், யாரோ ஒரு கடைக்காரருக்குப் பெரிய திரையில் படம் காட்டிக்கொண்டிருக்கிறான். என்ன படம்? என் பெண்கள்! "மட்டாஞ்சேரியில ஒரு சேச்சிகூட இத உபயோகிக்கிறாங்க சார்" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு முகமாகத் தள்ளுகிறான். புது ஆட்களைப் பிடிக்க நம் வீட்டுப் பிள்ளைகள்தான் மாதிரிச் சரக்கு. மேனேஜர் அனுமதி ஏன் வரவில்லை என்று அப்போது விளங்கியது. இடக்கொச்சிப் பெண்ணின் முகம் போனது. அடுத்து வந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவனுக்கு நானே பேசி முடித்து வைத்திருந்த பெண்.

"அடுத்த மாசம் நீ தாலி கட்டப்போற பொண்ணும் இதுல இருக்காளே ராசா" என்றேன், அந்த அறையே கேட்கும்படி. "ஐஸ் வண்டி டிரைவர் இவளையும் பாத்திருப்பானோ?"

மேனேஜரும் இல்லை, முறையும் இல்லை. ஒரே அமுக்கு, அவன் பெண் திரையிலிருந்து போய்விட்டாள்.

"அப்ப முடியுது! ஒம்பொண்டாட்டின்னா ஒரு நிமிஷம், ஊரான் வீட்டுப் பொண்ணுன்னா அனுமதியா? மானங்கெட்டவனே, மத்ததையும் எடு."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். வந்த கடைக்காரர் நைசாக நழுவினார். ஒன்று பாக்கியில்லாமல் எடுத்து முடித்த பிறகு, "இனி எங்கயும் இல்லதானே?" என்று கேட்டேன்.

"நம்ம இடத்துல இல்ல மதினி. பாத்தவங்க யாராவது எடுத்து வெச்சிருந்தா... அது நமக்குத் தெரியாது" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. நான் அவனுக்குச் சொன்ன பதிலை எழுத முடியாது.

அங்கிருந்து நேராக இடக்கொச்சிக்குப் பஸ் ஏறினேன். பெண்ணின் அப்பா வாசலிலேயே இருந்தார். அழித்தாயிற்று, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர் எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டினார்.

"உலகத்துல எங்கயும் இல்லேன்னு கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. நாளைக்கே போகட்டும்."

பெண் கதவை ஒட்டி நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தரகு செய்கிறவள் பொய் சொல்லாமல் பிழைக்க முடியாது, மாப்பிள்ளையின் வழுக்கையை ஏறு நெற்றி என்று சொன்னவள்தான் நான். ஆனால் சத்தியம் என்று யார் கையிலும் அடித்ததில்லை.

ஓங்கி அடித்தேன். "எங்கயும் இல்ல."

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போய்விட்டாள். அந்தப் போட்டோ இன்றைக்கு எவன் போனில் கிடக்கிறதோ, யார் கண்டது? பொய்ச் சத்தியத்துக்குச் சாமி கணக்குக் கேட்கும் என்கிறார்கள். தாராளமாகக் கேட்கட்டும். முதலில் என் கொழுந்தனைக் கேட்டுவிட்டு என்னிடம் வரட்டும்.