கறையான் தின்ற மழைக்கதை

பள்ளிக்கூடங்களில் என்னைப் பேசக் கூப்பிடும்போதெல்லாம் பிள்ளைகள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "உங்க முதல் கதையை எப்ப எழுதினீங்க?" நானும் தவறாமல் சொல்வேன்: "எழுதல கண்ணுங்களா, விட்டேன். அம்மனுக்கு எதிரே உட்கார்ந்து, ஊரே கேட்க, கதை விட்டேன்." பிள்ளைகள் சிரிப்பார்கள். வாத்தியார்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

யுத்த காலம் அது. வத்தல்மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். அந்த வருஷம் ஆடி போய், ஆவணியும் பாதி போய்விட்டது. பேருக்குக்கூட ஒரு தூறல் இல்லை. கேழ்வரகு நாற்று நாற்றங்காலிலேயே பழுக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் நடவுக்கு ஆகாது, அப்புறம் வருஷம் முழுக்கக் களிக்கு எங்கே போவது? அப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் ஊருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், மழைக்கதை படிப்பது.

மழைக்கதை என்பது கோயில் பெட்டியில் மஞ்சள் துணி சுற்றிக் கிடந்த ஒரு கையெழுத்துப் புத்தகம். ஒரு ராணியின் மாடுகளைத் திருடர்கள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மாடு போன ஊரை விட்டு மழையும் போய்விடுகிறது. மாடு வீடு திரும்பினால்தான் மழை திரும்பும். இதைப் படிக்கும் நாளில் ஊர் மாடுகளை எல்லாம் தண்ணீர் காட்டாமல் கோயில் முன்னால் கட்டி வைப்பார்கள். கதையில் மாடு வீடு சேர்ந்த பிறகுதான் இங்கே கயிற்றை அவிழ்க்கலாம். கதை பாதியில் நின்றால் மழையும் பாதி வழியில் நின்றுவிடும் என்பது ஊரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஊரை விட எனக்கு ஒரு படி அதிகம். கடைசியாக ஊரில் இதைப் படித்தபோது நான் தொட்டிலில் கிடந்தவள், கதையின் முடிவு எனக்குத் தெரியாது.

படிப்பவர் என் தாய்மாமன். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அவர் சொல்லிக்கொடுத்த பாவத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு பொட்டலத்தை நிம்மதியாகப் பிரிக்க முடியாது. தருமபுரிச் சந்தையிலிருந்து மிளகாயும் மல்லியும் மடித்து வரும் காகிதத்தை, அம்மா சாமானைக் கொட்டுவதற்குள் பிடுங்கிக்கொள்வேன். கதை ஏதாவது இருந்தால் அது பாதியில் கிழிந்திருக்கும். மீதியை நானே முடித்துக்கொள்வேன். மிளகாய்க் காரத்தில் கண் எரிய எரிய எத்தனை இளவரசிகளுக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறேன் தெரியுமா!

வழக்கமாக ராத்திரியில் படிப்பதை, மண்ணெண்ணெய் கிடைக்காததால் அந்த வருஷம் பகலிலேயே வைத்தார்கள். வெயில் ஏற ஏற மாமனின் குரல் கரகரத்தது. ராணி தொழுவத்தில் மாடுகளைத் தேடும் இடத்தில் சுத்தமாக நின்றே போய்விட்டது. சுக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. ஊரில் படிக்கத் தெரிந்த மற்ற இருவரில் ஒருவர் பட்டாளத்தில் இருந்தார், இன்னொருவர் வீட்டில் சாவுத் தீட்டு. மாமன் கூட்டத்தைத் துழாவி, என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

"பொட்டப்புள்ளயா படிக்கிறது?" என்றது ஒரு குரல்.

என் அம்மா எழுந்தே விட்டாள். "உள்ள உக்காந்திருக்கிற அம்மன் மட்டும் ஆம்பளையா? மாடு எம்மாந்நேரம் தாகத்துல நிக்கும்? படிக்கட்டும் வுடுங்க!"

படித்தேன். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! என் வாயிலிருந்து போகும் சொல்லுக்கு ஊரே உச்சுக் கொட்டுகிறது. திருடர்கள் மாடுகளை மலைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். பக்கம் இல்லை. மண்ணாக உதிர்ந்து என் பாவாடையில் கொட்டியது. ஓரம் மட்டும் சட்டம் போல நின்றது. அடுத்து எழுத்து உயிரோடு இருந்த இடத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்கிறது! நடுவில் மாடுகள் எப்படி வீடு சேர்ந்தன என்பது மொத்தமும் கறையான் வயிற்றில்.

வெளியே மாடுகள் கத்தின. நிறுத்தினால் மழை போச்சு. "ஆத்தா, எனக்குத் தெரியல. நான் சொல்றத நீ ஏத்துக்க. மாட்டை மட்டும் வூடு சேத்துரு" என்று மனசுக்குள் கும்பிட்டுவிட்டு, இல்லாத எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே ஆரம்பித்தேன்.

திருடர்கள் அவசரத்தில் ஒரு கன்றுக்குட்டியை விட்டுவிட்டார்கள். அது மலையைப் பார்த்து "அம்மா" என்றது. தாய்ப்பசு வத்தல்மலைக் காட்டில் நின்றுகொண்டு, அங்கே ஒளிந்திருந்த திருடர்களின் நடுவில் அதைக் கேட்டது...

"நிறுத்துங்கம்மா!" தேன் விற்க இறங்கி வந்திருந்த மலைக்காரர் ஒருவர் எழுந்தார். "எங்க மலையில ஏதுங்க திருடன்? கதவுக்குப் பூட்டே இல்லாத ஊருங்க அது!"

கூட்டம் சிரித்தது. என் வாய் சும்மா இருக்குமா? "அடுத்த வரியைப் படிக்க விடுங்க" என்று அதட்டிவிட்டு, அடுத்த வரியை உண்டாக்கினேன். வந்த திருடர்களை மலைக்காரர்கள் விட்டார்களா என்ன? தேன்கூட்டைக் கலைத்துவிட்டார்கள். வேட்டியும் துண்டும் ஒருபக்கம், திருடர்கள் ஒருபக்கம் ஓட்டம்! மாடுகளுக்குச் சாமைத்தாள் போட்டு, காட்டுப்பாதையில் இறக்கிவிட்டவர்களும் மலைக்காரர்கள்தான்.

"அப்படிப் படிங்க" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்பறம்? கன்னுக்குட்டி?" என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். மாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி இறக்கினேன். செவலை வந்தது, மயிலை வந்தது, காரி வந்தது. ராணியின் மாடுகளுக்கு எங்கள் தெரு மாடுகளின் பெயர் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியாகத் தாய்ப்பசு வந்து கன்றை நக்கியபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். குலவை எழுந்தது, கயிறுகள் அவிழ்ந்தன, மாடுகள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பிய்த்துக்கொண்டு ஓடின.

மழை அன்றே கொட்டியது என்று எழுதத்தான் கை துறுதுறுக்கிறது. கொட்டவில்லை. மறுநாளும் இல்லை. அம்மனுக்கு என் கதை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சோறு இறங்காமல் கிடந்தேன். அதற்கும் மறுநாள் மத்தியானம் தீர்த்தமலைத் திசையில் கறுத்து, இடித்து, வாசலில் குதித்தது பாருங்கள் மழை! நனைந்துகொண்டே கோயிலுக்கு ஓடினேன். ஏற்றுக்கொண்டாள், என் கதையை அம்மன் ஏற்றுக்கொண்டாள்! நாற்று பிழைத்தது. அந்தத் தைரியத்தில்தான் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கதை எழுதும்போதும் அவள் எதிரே உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைப்பு.

குழந்தைகளுக்கான என் முதல் புத்தகம் அச்சாகி வந்ததும் அதை அம்மன் காலடியில் வைக்க ஊருக்குப் போனேன். அம்மா அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான் பெருமை தாங்காமல், அத்தனை வருஷம் கட்டிக்காத்த ரகசியத்தை உடைத்தேன். "அன்னிக்கி மழைக்கதையில நான் படிச்சது புத்தகத்துல இல்லம்மா. அத்தனையும் என் சொந்தச் சரக்கு. ஊர்ல ஒருத்தரும் கண்டுபிடிக்கல!"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடிப் போ புள்ள! அந்தக் கதை ஊருக்கே மனப்பாடம். ராணி போயிக் கெஞ்சுவா, திருடனுங்க மனசு மாறித் திருப்பிக் குடுப்பானுங்க, அவ்ளோதான். நீ கன்னுக்குட்டின்னு வாயத் தொறந்ததுமே எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு. உங்க மாமனுக்கும்தான்."

"பின்ன ஏன் ஒருத்தரும் என்னை நிறுத்தல?"

"எப்படி நிறுத்துறது? அந்தக் கன்னுக்குட்டி என்ன ஆவும்னு எங்களுக்கு மட்டும் தெரியுமா?"