பத்தடிக்கு ஒரு தடவை

அன்று அந்த மலைப்பாதையில் இருந்தவர்கள்: ஸ்ரீரங்கத்திலிருந்து இத்தாலிக்குச் சுற்றுலா வந்த ஒன்பது பேர், வழிகாட்டிப் பெண், சமையலுக்கென்று அழைத்துப்போன நான், அப்புறம் திருச்சி தென்னூரிலிருந்து எங்களோடு சேர்ந்துகொண்ட, எல்லோரும் தென்னூர்க்காரர் என்றே கூப்பிட்ட பாய். கீழே ஒரு பக்கம் கடல். மறுபக்கம் உப்பங்கழியில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக நின்றன.

எனக்கோ மனசு அதில் நிற்கவில்லை. பாதி வழியில் நான் மட்டும் தனியாகத் தங்குமிடத்துக்குத் திரும்பிப்போய் உலை வைக்க வேண்டும். பாதை தப்பினால் யாரிடம் கேட்பது? என் படிப்பு எட்டாவதோடு சரி.

தென்னூர்க்காரர் பத்தடிக்கு ஒரு தடவை நின்று பின்னால் பார்த்தார்.

"யாரத் தேடுறீங்க பாய்?"

"யாரையும் இல்லங்க. போறப்ப இருக்கிற பாதை வர்றப்ப வேற மாதிரி தெரியும். இப்பவே பாத்து வச்சுக்கங்க. நீங்க தொலைஞ்சா நாங்கல்ல பட்டினி."

நானும் பார்த்தேன். இடிந்த கல்சுவர், சாய்ந்த பைன் மரம். அவற்றை அடையாளம் வைத்தே இறங்கி, நேரத்துக்கு உலை வைத்தேன்.

இப்போதும் காய்கறிப் பையோடு காவிரிப் பாலத்தில் வரும்போது திரும்பிப் பார்க்கிறேன். மலைக்கோட்டைதான் தெரிகிறது, நினைவில் அந்த உப்பங்கழி.

அந்தப் பயணம் முடிந்து வந்து இறங்கிய அன்று, திருச்சி ஏர்போர்ட்டில் தென்னூர்க்காரர் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். திரும்பினால் கை காட்டலாம் என்று நின்றேன். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வீட்டுக்குப் போகிற வழிதானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.