எதிர் நாற்காலிக்கு எழுதியவள்

எங்கள் அண்ணி எழுத உட்கார்ந்தால் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருக்க வேண்டும். ஒருநாள் தைக்க வந்த துணிமூட்டையோடு நான் அசதியில் அதில் உட்கார்ந்துவிட்டேன். "எந்திரி" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. என் அண்ணன் வாங்கிப்போட்ட நாற்காலி, எனக்கில்லாத உரிமையா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்தேன்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் உதவியாளர் வேலை. வளையல், சங்கிலியைக் கழற்றச் சொல்லி, ஆளைப் பலகையில் படுக்கவைத்து, "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, இப்ப விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். நாற்பதை நெருங்கும் வயதில் மாலைக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "படி. ஆனா எழுதறதை எங்கிட்ட சொல்லிக் காட்டணும்" என்றான்.

அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கடைத்தெருவில் அவனுக்கு வக்கீல் என்று பெயர். ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று ஒருவர் வந்தால், "குளிரலைன்னு எப்படித் தெரியும்? தொட்டுப் பாத்தீங்களா, இல்ல சும்மா தோணுச்சா?" என்று குறுக்கு விசாரணை செய்வான். வீட்டிலும் அதே கதைதான். வகுப்புக்கு எழுதும் கட்டுரையிலிருந்து அண்ணி ஒரு வரியை வாய்விட்டுச் சொல்வாள். எதிரே உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொய்" என்பான்.

"காலொடிஞ்சு வந்தவரு தைரியமா படுத்திருந்தாருங்கறே. கை நடுங்குச்சு, உன் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டாருன்னு அன்னைக்குச் சொன்னியே?"

அவள் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவாள். பேனாவை வீசுவாள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே அதை எடுத்து, முந்தானையைப் பிடித்ததை எழுதுவாள். அவன் பேசாமல் இருந்தால் அந்த வரி தேறிவிட்டது என்று அர்த்தம். நன்றாக இருக்கிறது என்று வாய்திறந்து ஒருதரம்கூடச் சொன்னதில்லை.

அவள் இரண்டாம் வருடம் படிக்கும்போது, வேலைக்குப் போன வீட்டிலேயே அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுமுன்பே உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகும் அண்ணி எழுதினாள். ஒரு வரி சொல்வாள், காத்திருப்பாள், முகம் சிவக்கும். "சரி, சரி, விடுங்க" என்று அடித்துவிட்டு வேறு எழுதுவாள். கட்டியவனோடு ஒத்துவராமல் இந்த வீட்டுக்கே திரும்பி வந்து, அடுத்த அறையில் தையல் போட்டுக்கொண்டிருக்கிறவள் நான். அவள் காத்திருக்கிற அந்த நேரத்தில் மெஷினை மிதிக்க எனக்குக் கால் வராது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"யார்கிட்ட அண்ணி பேசறீங்க?"

"உன் அண்ணன்கிட்டதான். வேற யார்கிட்ட."

"அவன் பேசறானா?"

"செருமறதுகூடக் கேக்குது. உனக்குக் கேக்கலையா?"

எனக்குக் கேட்கவில்லை. உடம்பு சிலிர்த்தது வாஸ்தவம்தான், ஆனால் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம். கூடப் பிறந்தவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவான்?

கடைசிப் பருவத்தில் பேராசிரியை ஒரு கட்டுரை கேட்டார். நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்பதை எழுதுங்கள், அதைக் கொடுத்தால்தான் தேர்ச்சி என்றாராம். அண்ணி பேயறைந்தவள் மாதிரி வீட்டுக்கு வந்தாள்.

"இதுல என்ன கஷ்டம்? உள்ளதை எழுதுங்க" என்றேன்.

"எழுதினா அவரு போயிடுவாரு."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். "எங்கம்மா வார்டுல செத்ததை முதல் வருஷம் எழுதினேனே. அதுவரைக்கும் தினமும் கனவுல வந்தவங்க, அதுக்கப்புறம் வரவே இல்ல. எதை உள்ளபடி எழுதி முடிக்கிறேனோ, அது என்னை விட்டுப் போயிடுது."

"அப்ப எதையாவது அளந்து விடுங்க" என்றேன். அவன் போவதில் எனக்கும் சம்மதமில்லை.

அளந்து பார்த்தாள். முதலில் குறிப்பெடுப்பேன், பிறகு பத்தி பிரிப்பேன் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறபடி ஒரு வரி சொன்னாள். சொன்ன வேகத்தில் தலை குனிந்தாள். என்ன என்று கேட்டேன். "பொய்ங்கறாரு" என்றாள். மாற்றிச் சொன்னாள், அதற்கும் பொய்தானாம். காகிதம் காகிதமாகக் கிழித்தாள். "தான் இங்க இருக்கறதுக்காகக்கூட ஒரு பொய்யை விட மாட்டாரா இந்த மனுஷன்" என்று மேஜையில் கவிழ்ந்து அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "கொஞ்சம் வாயை மூடுண்ணா" என்று அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உள்ளதை எழுத உட்கார்ந்தாள். அவன் வரிக்கு வரி குறுக்கே விழுந்திருக்க வேண்டும். "செருமினதும் மூக்கை உறிஞ்சுவீங்க, அதையும் போட்டுட்டேன், போதுமா?" என்று ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். வெயில் இறங்கியபோது கடைசி வரியைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். எதிரே பார்த்தபடியே இருந்தாள்.

"என்ன சொல்றான்?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லலை."

"அப்ப வரி தேறிடுச்சு."

"அப்படியும் இருக்கலாம்" என்றாள். காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள்.

கட்டுரையைப் பேராசிரியை வகுப்பில் வாசித்தே காட்டினாராம். அண்ணி தேறிவிட்டாள். அந்த வாரக் கடைசியில், எழுத ஒன்றுமில்லாமலே மேஜை முன் போய் உட்கார்ந்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுக்காரர் எங்கிட்ட சண்டையே போட்டதில்ல" என்று நாற்காலியைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

காத்திருந்தாள். நானும் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். எப்பேர்ப்பட்ட பொய். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா அவன்.

"யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்பிடுவாரு."

தெருவில் ஏதோ வண்டி போனது. அண்ணி மேஜையில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்தாள்.

"நீங்க இல்லாம நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

அதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.