மூன்று நாள் தண்ணீர்

எங்கள் கிணற்றில் அடி தெரியும். வெளியூரில் இதைச் சொன்னால், கொடுத்து வைத்தவர்கள் என்பார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தத் தண்ணீர் பச்சையாக, பாசியும் தவளையுமாக இருந்தது; இரண்டு முழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. பிறகு வருஷத்துக்கு வருஷம் தெளிந்துகொண்டே வந்தது. முதலில் பாசி போயிற்று, பிறகு தவளைகள். இப்போது உச்சிவெயில் நேராக இறங்கும்போது எட்டிப் பார்த்தால், என்றைக்கோ கயிறு அறுந்து விழுந்த வாளியும் ஒரு செம்பும் யாருடையதோ கண்ணாடி வளையலும் கைக்கு எட்டுகிற மாதிரி கிடக்கும். நடுவில் தண்ணீர் இருப்பதே தெரியாது. அந்த நேரத்தில் தனியாக அங்கே நிற்க எனக்குப் பிடிக்காது.

குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. டம்ளரை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போன பிறகு, ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி நாக்கின் அடியிலிருந்து வரும். காலையில் வெள்ளையாக வடித்த சோறு மத்தியானத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும். நாய்கள் ஓடையில் வாய் வைக்காமல் சுற்றிக்கொண்டு போகும். ஓர் ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஏரி நிறைந்தது. மறுநாள் காலையில் தெருவில் எல்லோரும் ஏதோ குறைகிறதே என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தவளைச் சத்தம் இல்லை. அவ்வளவு தண்ணீருக்கு அவ்வளவு அமைதி.

எங்கள் ஊர் திருத்தணியிலிருந்து பஸ்ஸில் அரை மணி. ஏரிக்கரையில் நின்றால் ஒரு பக்கம் மலைக்கோயில், மறுபக்கம் ஆந்திரா. எல்லைக் கல்லில்தான் என் மாமியார் ஆடு கட்டுவார். ஓடை அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் வருகிறது. அந்தப் பக்கத்துக் கரையில் ஓர் ஆலை இருக்கிறது. அங்கே என்ன செய்கிறார்கள் என்று வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் ‘பவுடர்’ என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது.

மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. தெருவில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். நம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதினேன். ஆலை பக்கத்து மாநிலத்தில் இருப்பதால் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. பக்கத்து மாநிலத்துக்கு எழுதினேன். பாதிப்பு தமிழ்நாட்டில் என்பதால் தமிழ்நாடு வழியாக வரவேண்டும் என்றார்கள். மத்திய அலுவலகத்துக்கு எழுதினேன். நடவடிக்கை எடுக்கவேண்டியது மாநிலங்கள் என்றும், மனு இரு மாநிலங்களுக்கும் அனுப்பப்பட்டது என்றும் மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்கள். பொய் ஒன்றும் இல்லை, மூன்று கடிதமும் சட்டப்படி சரி. அதுதான் எனக்கு எரிச்சல். தண்ணீர் மட்டும் யாரிடமும் அனுமதி கேட்காமல் வந்துகொண்டிருந்தது.

இதற்குள் ஊருக்கு வேறு ஒரு வினை வந்து சேர்ந்தது. தண்ணீரைப் பற்றிப் பேச்சு பரவி, எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை. என் கொழுந்தனாருக்கு அப்போது முப்பத்தைந்து. அரக்கோணத்தில் நல்ல வேலை. குடி, சிகரெட் ஒன்றும் கிடையாது. ஜாதகம் பொருந்தும், மலைமேல் கோயிலில் பெண்ணைப் பார்ப்பதும் நடக்கும். பிறகு பெண் வீட்டார் வீடு பார்க்க வருவார்கள். காபி குடிப்பார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். ஏழு இடம் அப்படிப் போயிற்று. அவர் முன்பக்கம் நரைத்ததை மறைக்க மை தடவ ஆரம்பித்தார்.

அதனால் தெருவில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. எந்த வீட்டுக்குப் பெண் வீட்டார் வருவதாக இருந்தாலும், முந்தின நாள் மோட்டார் வைத்துத் தெருக் கிணற்றை அடிவரை இறைத்துவிடுவோம். திருவாலங்காடு பக்கமிருந்து டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்து ஊற்றுவோம். அது கொஞ்சம் கலங்கலாக இருக்கும். கலங்கல்தான் வேண்டும், தெளிந்திருந்தால் சந்தேகம் வரும். கடைசியாக ஒரு குடம் கெண்டைக் குஞ்சுகளை விடுவோம். வருகிறவர்கள் எட்டிப் பார்த்தால் மீன் துள்ளவேண்டும். அந்தத் தண்ணீர் மூன்று நாள் தாங்கும். நான்காம் நாள் பழைய ஊற்று ஏறி, குஞ்சுகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து மிதக்கும். எப்போதும் ஓடை வருகிற பக்கம்தான். அவற்றை அள்ளிப் புதைப்பதும் வழக்கத்தில் சேர்ந்துவிட்டது.

எட்டாவது இடம் ஆந்திராப் பக்கம், தெலுங்கு பேசுகிற குடும்பம். பெண் மலைமேல் நின்று என் கொழுந்தனாரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அவர் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. வீடு பார்க்க வருகிற நாளுக்கு நான் பள்ளிக்கு லீவு போட்டேன். கோடைக்காலம், ஓடை, ஏரி எல்லாம் காய்ந்து கிடந்தன. முந்தின நாளே கிணற்றை இறைத்து, ஊற்றி, மீனும் விட்டாயிற்று.

பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்தரைக்கே இரண்டு வெள்ளைக் கார்கள் வந்து நின்றன. ஐந்து பேர் இறங்கினார்கள். ஓர் அம்மா நல்ல சுங்குடிப் புடவை கட்டியிருந்தார். இன்னொருவர் தெலுங்கில் ஏதோ கேட்டார். என் மாமியாருக்கு அது போதும். “ரண்டி ரண்டி” என்று தெலுங்கில் வரவேற்றபடி வாசலுக்கு ஓடினார். பெண் வீட்டார் சில சமயம் முன்னால் தெரியாத ஆட்களை அனுப்பி ஊரை நோட்டம் பார்ப்பதுண்டு. வந்தவர்களை யார் என்று கேட்பது மரியாதை இல்லை. நானும் கேட்கவில்லை. காபி கொடுத்தோம்.

“தண்ணி எப்படிம்மா இங்க?” என்று அந்த அம்மா கேட்டார்.

“எங்க கெணத்துத் தண்ணி தேனாட்டம் கீதுங்க” என்றார் மாமியார். “நாங்க அதையேதான் குடிச்சிகினு கீறோம். மீனு துள்ளிகினு கீது, வந்து பாருங்க.”

பக்கத்து வீட்டுக்காரி தானாகவே வந்து சேர்ந்துகொண்டாள். “ஆங், ஒரு கொறையும் இல்லீங்க.”

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கிணற்றடிக்குப் போனார்கள். தெலுங்கு பேசியவர் பையைத் திறந்து கையுறை மாட்டினார். சீட்டு ஒட்டிய பாட்டில்களை வரிசையாகக் கிணற்று மேடையில் வைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு மாநில வாரியமும் மத்திய அலுவலகமும் சேர்ந்து கூட்டாகப் பார்வையிட வந்திருந்தார்கள். நான் நான்கு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த விருந்தாளிகள்.

அவர்கள் மேல் குற்றம் சொல்லமாட்டேன். காலையில் ஓடையை இரு பக்கமும் நடந்து பார்த்திருக்கிறார்கள், எங்கும் ஈரம் இல்லை. நம் அதிகாரியால் எல்லை தாண்டி ஆலைக்குள் போக முடியாது. அந்தப் பக்கத்து அதிகாரி இங்கே எடுக்கிற தண்ணீர் சாம்பிள் அவருடைய கோப்பில் செல்லாது. மத்திய அதிகாரியான அந்த அம்மா எங்கும் போகலாம், ஆனால் எதையும் மூடச் சொல்ல முடியாது, எழுதலாம். மூவர் முன்னிலையிலும் ஒரே இடத்தில் எடுத்தால் மூவருக்கும் செல்லும் என்று முடிவாயிற்று. ஈரம் இருந்த ஒரே இடம் எங்கள் கிணறு.

“நீங்கதானே மனு எழுதினது?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். “இது இந்த ஊர்த் தண்ணிதானே?”

அந்த நிமிஷம் இப்போதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. இல்லை, இது லாரித் தண்ணீர், நாலு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. நிலைப்படியில் என் கொழுந்தனார் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் கெஞ்சினார். பதினொன்றாக இன்னும் பத்து நிமிஷம். தெருவின் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. கிணற்றுக்குள் மீன் துள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“ஆமாங்க” என்றேன்.

கார்கள் திரும்பிப் போனதும் உண்மையான பெண் வீட்டார் வந்தார்கள். மீனைப் பார்த்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அது நடக்காது என்று எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. மூன்று முத்திரை, மூன்று கையெழுத்து. அவ்வளவு வருஷத்தில் இரண்டு மாநிலமும் மத்திய அரசும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்தத் தாளில்தான். குடிநீர் வரம்புகளுக்கு உட்பட்டது, மனு முடித்துவைக்கப்படுகிறது.

என் கொழுந்தனார் அதை என்னிடமிருந்து வாங்கிப்போய்ப் பிரதி எடுத்துத் தரகரிடம் கொடுத்தார். ஒரே வாரத்தில் பெண் வீட்டிலிருந்து சரி என்று ஆள் வந்தது. சர்க்காரே எழுதிக் கொடுத்துவிட்டது, பிறகு என்ன. மலைமேல் கல்யாணம். அதற்குப் பிறகு அதே தாளைக் காட்டி எங்கள் தெருவில் இன்னும் இரண்டு கல்யாணம் நடந்தது. தாளுக்கு லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார்கள்.

வந்தவள் நல்ல பெண். கலகலப்பு. வீட்டில் தெலுங்கு என்றாலும் எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவாள். என்னை அக்கா, அக்கா என்று காலைச் சுற்றிக்கொண்டிருப்பாள். அவள் கிணற்றில் எட்டிப் பார்த்து, “எவ்ளோ தெளிவா கீது, அக்கா” என்று ஆச்சரியப்பட்டபோது நான் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். கல்யாணமான ஐந்தாம் மாதம் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது.

மறுநாளே புதிய மனு எழுதினேன். சென்ற முறை சோதனைக்கு எடுத்தது இந்த ஊர்த் தண்ணீர் அல்ல, அதை மறைத்தவர்களில் நானும் ஒருத்தி என்று எழுதினேன். கையெழுத்து வாங்கத் தெருவில் இறங்கினேன். முன்பு நான் முந்தி, நீ முந்தி என்று போட்டவர்கள், இப்போது கதவுக்குப் பின்னால் இருந்து பதில் சொன்னார்கள்.

“இன்னா டீச்சர், எம் புள்ளைக்கு இப்பத்தான் எடம் கூடி வந்துகினு கீது. அந்தக் காயிதத்த நீயே கெடுப்பியா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் சொன்னதில் கோபம்கூட இல்லை.

என் கொழுந்தனார் மனுவைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். அன்று மத்தியானம் அவரும் மாமியாரும் வெளியே போனபிறகு, அவர் மனைவியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, மீன், பாட்டில்கள், நான் சொன்ன ஆமாங்க. இன்று முதல் கேன் தண்ணீர்தான் குடிக்கவேண்டும் என்றேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை.

பிறகு ஒன்று மட்டும் கேட்டாள். “கண்ணாலம் ஆயி நான் இந்த ஊட்டுக்கு வந்தன்னிக்கு, மொதமொதல்ல நீங்கதான எனக்குத் தண்ணி குடுத்தீங்க. அது கேன் தண்ணியா, கெணத்துத் தண்ணியா?”

அன்றைக்கு அவளுடைய ஆட்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். கேன் உள்ளே இருந்தது; திறந்தால் கேள்வி வரும்.

“கெணத்துத் தண்ணிதான்” என்றேன்.

அவள் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள்.

“எங்க போடணும், சொல்லுங்க டீச்சர்” என்றாள்.