அண்ணன் ஒரு பாரக், தம்பி ஒரு பாரக்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். ஜெயிலுக்குப் புதிதாக வருகிறவர்களை எந்த பாரக்கில், அதாவது எந்தக் கொட்டடியில், வைப்பது என்று பிரிப்பது என் வேலை. ஒருநாள் தாராவியிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரே கேஸில் வந்தார்கள். அண்ணனுக்கு ஆள் வளர்ந்த அளவு புத்தி வளரவில்லை.

"அண்ணாச்சி, இவனுக்கு நான்தான் ஊட்டி விடணும். எங்களைப் பிரிச்சிராதிய" என்றான் தம்பி.

தம்பிக்கு இருபது வயது. அந்த வயதுக்காரர்களுக்குத் தனி பாரக் என்பது விதி. மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார். பிரித்தேன்.

மறுநாள் அண்ணன் தட்டைத் தொடவே இல்லை. முருகனை வேண்டிக்கொண்டு நானே ஒரு வாய் சோறு நீட்டினேன். அவன் வாயைத் திறக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படிக்கிறவர்கள் இதை அடுத்தவருக்குச் சொன்னால், அவன் சாப்பிட்டான் என்று மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.